போகும்போது விமானம், வரும்போது படகு

படகுக் கழகச் செயலாளர் ஹெட்லி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதும் மெர்வின் டக்வெல் சமையலறை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

சனிக்கிழமை படகுக் கழகத்தின் ஆண்டுப் பயணம். பவளத்திட்டுக்கு நடுவே இருக்கும் டெர்ன் தீவுக்குப் படகில் போய், இறாலும் சாசேஜும் சுட்டுத் தின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்புவது வழக்கம். திரும்பிய கையோடு புதிய தலைவருக்கான தேர்தல். இந்த ஆண்டு அதில் ஒரு புதுமை சேர்த்திருக்கிறார்களாம். போட்டியிடும் இருவரும் ஆளுக்கு ஒரு வழி படகை ஓட்ட வேண்டும்.

"போகும்போது நீங்க, மெர்வ். வரும்போது டவீனா," என்றார் ஹெட்லி.

படகுக் கழகத்துக்குத் தலைவராக நினைப்பவர் ஒரு படகை ஓட்டிக் காட்டுவதில் என்ன சிரமம் என்று யாரும் கேட்பார்கள். சிரமம் இதுதான்: மெர்வின் குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஆடினாலே அவருக்குக் குமட்டும்.

அவர் இப்போது குடியிருக்கும் பெல்லாமி விரிகுடா ஊரில் இந்த ரகசியம் அவர் மனைவி கிளெனிஸுக்கு மட்டும்தான் தெரியும். கடல் காற்றுகூட எட்டாத டூவூம்பாவில் காப்பீட்டுக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் மெர்வின். வடக்கே கடலோரத்துக்குக் குடிவந்த முதல் வாரமே ஒரு வெள்ளைக் கப்பல் தொப்பியும், தங்கப் பொத்தான் வைத்த நீலக் கோட்டும் வாங்கினார். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் கழகத்து மதுக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, தான் பார்த்த புயல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்த்தது உண்மைதான், எல்லாம் இழப்பீட்டு மனுக்களில் பார்த்தவை. யாராவது கடலுக்குக் கூப்பிட்டால் மட்டும், இந்தக் குட்டிப் படகெல்லாம் தனக்குக் குழந்தை விளையாட்டு என்று சொல்லி அடுத்த கோப்பையை நிரப்பச் சொல்வார்.

எதிர்த்து நிற்பவள் டவீனா ரூக். தன்னந்தனியாகப் பாய் விரித்து, கடல் கடந்து நியூ கலிடோனியாத் தீவு வரை போய் வந்தவள். ஆனால் அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. தேர்தல் நடப்பது மதுக்கூடத்தில். அங்கே கடலில் போனவளைவிட, கடலைப் பற்றிப் பேசியவனுக்குத்தான் ஓட்டு விழும் என்று மெர்வின் நம்பினார். முந்தைய தலைவர் ஏன் பாதியிலேயே விலகினார் என்பதைக்கூட அவர் விசாரிக்கவில்லை. பதவி காலியாக இருந்தது, அது போதும்.

தொலைபேசி காதில் இருக்கும்போதே அவர் மூளை வேலை செய்தது. ஹெட்லியிடம், போகும்போது தான் படகில் வரப்போவதில்லை என்றும் விமானத்தில் வரப்போவதாகவும் சொன்னார். பவளத்திட்டை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே போவது, கீழே தீவில் இறங்குவது, படகில் திரும்புவது. ஒரு வழி வானம், ஒரு வழி கடல். தான் தலைவரானால் விருந்தாளிகளுக்கு இப்படி ஒரு பயணம் ஏற்பாடு செய்யப்போவதாகவும், அதற்கான முன்னோட்டம் இது என்றும் அளந்துவிட்டார். வாய் போன போக்கில் வந்த திட்டம்தான். ஆனால் சொல்லி முடித்ததும் அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது.

ஒரு மணி நேரத்தில் ஹெட்லி திரும்பக் கூப்பிட்டார். திட்டம் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். பக்கத்து நகரமான கெய்ன்ஸிலிருந்து தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசியாகிவிட்டதாம்.

"டவீனாவும் உங்களோட விமானத்துலதான் வரா. போகும்போது படகை வேற யாராவது ஓட்டட்டும். அவ ஓட்டி நாங்க பாத்ததுதானே. வரும்போது முழுக்க நீங்களே ஓட்டுங்க. விமானத்துல போறவங்க படகுல திரும்பணும், படகுல போறவங்கள்ல நாலு பேரு விமானத்துல திரும்பணும். உங்க திட்டப்படியே."

மெர்வின் போனை வைத்தார். கிளெனிஸ் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "உண்மையைச் சொல்லிட்டுப் போயேன். செத்தா போயிடுவ?"

"தலைவர் பதவிக்கு நிக்கிறவன் அதைச் சொல்ல முடியுமா? யார் ஓட்டுப் போடுவான்?"

"அப்ப வானத்துல ஒண்ணு, கடல்ல ஒண்ணுன்னு ரெண்டு வாந்தி எடு."

மெர்வின் தீவில் ஏதாவது சாக்குச் சொல்லி, திரும்பும்போதும் விமானத்திலேயே ஏறிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். வாந்தி மாத்திரை ஓர் அட்டை, இஞ்சி பிஸ்கெட் ஒரு டப்பா, எலுமிச்சை நாலைந்து. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடியில் துண்டால் மூடினார்.

சனிக்கிழமை காலை படகுத்துறையில் விமானத்தை ஓட்ட வந்திருந்த டாம்சின் என்ற பெண் ஓர் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்துக் காத்திருந்தாள். மெர்வின் முன்பதிவில் சொன்ன எடைக்கும் மெஷின் காட்டிய எடைக்கும் நடுவே ஒரு வளர்ந்த ஆடு இருந்தது. டாம்சின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. யாராவது ஒருவர் விமானத்தில் ஏறாமல் நின்றுகொள்ள வேண்டும், அந்தப் பையும் ஏறக் கூடாது என்றாள். துறையின் மறுபக்கம் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கூடப் பறக்க வந்திருந்த கிளெனிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடுதலை கிடைத்தவளைப் போல அந்தப் பக்கம் நடந்தாள். பையிலிருந்து அட்டையை மட்டும் எடுத்துக்கொள்ள மெர்வின் கையை நீட்டினார். ஆனால் பக்கத்தில் டவீனா நின்றிருந்தாள். நீட்டிய கையை உயர்த்தி மனைவிக்கு டாட்டா காட்டிவிட்டு, படகு தீவை நெருங்கும் நேரம் வரை டவீனாவோடு துறையிலேயே காத்திருந்து விமானத்தில் ஏறினார்.

முன்னிருக்கையில் அவர், பின்னால் டவீனாவும் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியும். வாந்தி எடுக்க முன்னால் சொருகியிருந்த காகிதப் பையை டாம்சின் சும்மா சுட்டிக்காட்டினாள். மெர்வின் பெரிதாகச் சிரித்து, தனக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று சொல்லி அதை உருவிப் பின்னால் இருந்த வங்கிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

நேராகப் பறந்தவரை பிழைத்தார். பவளத்திட்டு வந்ததும் டாம்சின் இறக்கையைச் சாய்த்து வட்டமடிக்கத் தொடங்கினாள். கீழே பச்சையும் நீலமுமாகக் கடல் விரிந்துகிடந்தது. வங்கிக்காரரின் மனைவி ஆமை ஒன்றைப் பார்த்துவிட்டாள், இன்னொரு சுற்றுக் கேட்டாள். அவள் கணவர் எதிர்ப்பக்கம் சாய்த்து ஒரு சுற்றுக் கேட்டார். தான் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, நேராகப் போகலாம் என்று மெர்வின் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். சுற்றிக் காட்டத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று டாம்சின் மறுபடியும் சாய்த்தாள்.

வேறு வழி இல்லை. மெர்வின் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, மரியாதைக்குக் கழற்றியவரைப் போல மார்பருகே பிடித்து, தலையைக் குனிந்தார். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நம்பினார். தொப்பி நல்ல ஆழமான தொப்பி, அதுவரை புண்ணியம்.

தீவின் அமைதியான தண்ணீரில் விமானம் இறங்கியது. கரையில் படகில் வந்தவர்கள் கூட்டமாக நின்று கைதட்டினார்கள். மெர்வின் மிதவையின் மேல் கால் வைத்ததும் காற்று பறித்துவிட்ட மாதிரி தொப்பியைக் கடலில் நழுவவிட்டார். அது கவிழ்ந்தது. நொடியில் எங்கிருந்தோ நூற்றுக்கணக்கான மீன்கள் வந்து அதைச் சுற்றி மொய்த்தன. கரையில் இருந்தவர்கள் மீன்கள் அவரை வரவேற்பதாகச் சொல்லி இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

டவீனா நல்லவள். உடுத்திய துணியோடு குதித்து, நீந்திப் போய், தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் கொடுக்கும்போது அவரை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பவுமே இப்படியா, மெர்வ்? தண்ணி சும்மா இருந்தாக்கூடவா?"

மெர்வின் தனக்கு எதுவுமே இல்லை என்று சாதித்தார். அவள் முகத்தில் ஆவல் தெரிந்தது. இவள் துப்புத் துலக்குகிறாள், மாலைக்குள் ஊருக்கே சொல்லிவிடுவாள் என்று நினைத்தார்.

முதல் வேலையாகக் கிளெனிஸைத் தனியே அழைத்துப் பையைத் திறந்தார். பிஸ்கெட் இருந்தது, எலுமிச்சை இருந்தது. மாத்திரை அட்டை காலி.

"ஹெட்லியோட அண்ணி படகுல குமட்டி வெளிறிப்போயிட்டா, பாவம். யாருகிட்டயாவது மாத்திரை இருக்கான்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரருக்கு வேணும், தர மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றதா? நீதான் கடலையே கரைச்சுக் குடிச்சவனாச்சே."

இறால் வெந்துகொண்டிருந்தது. மெர்வினுக்கு அந்த வாசனையே ஆகவில்லை. திரும்பும் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று டாம்சினிடம் கேட்டார். படகில் வந்தவர்கள் அத்தனை பேரும் போட்டி போட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர் மனைவி உட்பட, ஓர் இடம்கூட இல்லை என்றாள்.

இடம் இல்லையென்றால் இடம் உண்டாக்க வேண்டும். மெர்வின் ஹெட்லியை ஒரு மரத்தடிக்கு இழுத்துப்போனார். வரும்போது என்ஜினில் ஒரு சத்தம் கேட்டதாகவும், அனுபவப்பட்ட காதுக்கு மட்டும் புரியும் சத்தம் என்றும், பயப்பட வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம் என்றும் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதை ஹெட்லி கடைசி ஆள் வரை எடுத்துச்சென்றார். சாசேஜ் தீர்வதற்குள் விமானத்தில் போக ஒருவரும் இல்லை. கிளெனிஸ்கூடப் பெயரை எடுத்துவிட்டாள்.

மெர்வின் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு டாம்சினிடம் போனார். இப்போது இடம் இருக்குமே என்றார்.

"நிறைய இருக்கு. ஆனா என் என்ஜின் சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களை மாதிரிப் பெரிய மனுஷரை அதுல ஏத்தி ஏதாவது ஆயிட்டா, பாவம் எனக்குத்தானே."

அவள் தனியாக ஏறி, தனியாகக் கிளம்பி, தீவின் மேல் அழகாக ஒரு வட்டமடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

ஆக, மொத்தக் கழகமும் ஒரே படகில். விமானத்துக்கும் படகுக்குமாகப் பிரித்து வைத்திருந்த கூட்டம் முழுவதும் மெர்வினின் கண் முன்னால் வரிசையாக உட்கார்ந்தது. மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று ஏறியிருந்தது. ஹெட்லி படகின் சுக்கான் சக்கரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பவளத்திட்டின் காவலுக்குள் கடல் அடங்கி இருந்தவரை மெர்வின் தாடையை உயர்த்தி நின்றார், ஒருவர் படம்கூட எடுத்தார். திட்டைத் தாண்டியதும் முதல் அலை வந்தது. இரண்டாவது அலைக்குச் சக்கரத்தை விட்டார். மூன்றாவதுக்கு, நீலக் கோட்டின் தங்கப் பொத்தான்கள் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு படகை டவீனா ஓட்டினாள். மெர்வின் பீர் வைக்கும் குளிர்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தளத்தில் குப்புறக் கிடந்தார். கிளெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீரை அவர் மேல் ஊற்றினாள். தண்ணீர் ஊற்றியது அன்பினாலா, விமானச் சவாரி போன கோபத்தினாலா என்று சொல்வதற்கில்லை. ஒரு கட்டத்தில் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். டவீனா சக்கரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராகப் போய்க் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவரைக் காட்டிக் காட்டிப் பேசினாள். கேட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், சிலர் அவள் கையைக் குலுக்கினார்கள். முடிந்தது, என்று மெர்வின் மறுபடியும் குளிர்பெட்டியின் மேல் கன்னத்தை வைத்தார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறேன் என்று அவர் கெஞ்சியதைக் கிளெனிஸ் கேட்கவில்லை. மதுக்கூடத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போனாள். விலகிக்கொள்கிறேன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்து அவர் வாயைத் திறப்பதற்குள், ஹெட்லி கை தூக்கச் சொல்லிவிட்டார். டவீனாவுக்கு ஒரு கையும் எழவில்லை. மெர்வினுக்கு எல்லாக் கைகளும் எழுந்தன. எல்லாரையும் முந்தி எழுந்தது டவீனாவின் கை. அவள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள், அவள் கண் கலங்கியிருந்தது.

சாகக் கிடந்த மெர்வினுக்கு உயிர் வந்தது. கால் நேராயிற்று, குரல் திரும்பிற்று. இந்தத் தீர்ப்பின் அர்த்தம் தனக்குப் புரிகிறது என்றார். உடம்பு ஒத்துழைக்காவிட்டாலும் அலையைப் பார்த்துப் பின்வாங்காத ஒரு மனிதனைக் கழகம் அடையாளம் கண்டுகொண்டது என்றார். தைரியம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சு நீண்டது. கேட்பதற்கு யாரும் நிற்கவில்லை. எல்லாரும் வெளியே ஓடி, அடுத்த சனி ஞாயிறு யார் யார் எந்தப் படகில் எங்கே போவது என்று கும்மாளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே மிஞ்சியவள் மதுக்கூடத்தில் ஊற்றிக்கொடுக்கும் டல்சி மட்டும். அவள் ஒரு கோப்பை சோடாவையும் ஒரு பெரிய சாவிக் கொத்தையும் அவர் முன்னால் தள்ளினாள்.

"தைரியமா? இங்க தலைவர்னா, எல்லாரும் கடலுக்குப் போன பின்னாடி கரையில உக்காந்து படகுங்களோட பேசுற ரேடியோவையும் கக்கூஸையும் பாத்துக்கிற ஆளு. போன தலைவர் நல்லா படகு ஓட்டுறவரு, ஒரே மாசத்துல சாவியை வீசிட்டுக் கடலுக்குப் போயிட்டாரு. நீங்களும் பெரிய மாலுமி, ஓடிடுவீங்கன்னு பயந்துதான், சொன்னா தட்ட மாட்டாளேன்னு டவீனாவை அழ அழ நிக்க வெச்சோம். கடல் ஆகாதுன்னு வந்த முதல் நாளே சொல்லியிருந்தா, கண்ணு, அன்னிக்கே சாவியைக் குடுத்திருப்போமே."