பின்னாடி நிறுத்தச் சொன்ன குரல்

கறிக்கடை ஃபவுஸ்தினோ மூன்றாவது ஆள். அதெரிட்டோ காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் தோளைத் தொட்டு, "அன்னைக்குக் கத்துனது நான்தாண்ணே" என்றார்.

அதெரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வாலே ஃப்ரியோவில் அவருக்குப் பாராட்டு விருந்து. லிஸ்பனில் முதல் வரிசைக் கால்பந்தில் பேர் வாங்கி ஓய்வுபெற்ற தடுப்பாட்டக்காரர், மனைவியோடு சொந்த ஊருக்கே திரும்பியிருக்கிறார். ஊர் சும்மா இருக்குமா?

ஆனால் இளவட்டமாக இதே ஊர் மைதானத்தில் இறங்கியபோது அவர் கோல் அடிக்க வேண்டிய இடத்தில் நின்றவர். கால் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உதைத்தது. மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கிளம்பியது.

"அந்தக் கழுதையைக் கொண்டுபோய்ப் பின்னாடி நிறுத்துங்கய்யா!"

மைதானமே சிரித்தது. பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை, யோசித்தார். இடைவேளைக்குப் பிறகு அதெரிட்டோவைத் தடுப்பு வரிசையில் நிறுத்தினார். அன்றைக்கு ஒரு பந்துகூட அவரைத் தாண்டிப் போகவில்லை.

லிஸ்பன் வாழ்க்கை, அங்கே கிடைத்த மனைவி சுல்மீரா, ஒரே ஒரு முறை போட்டுக்கொண்ட போர்ச்சுகல் அணிச் சட்டை எல்லாமே அந்தக் குரல் போட்ட பிச்சை என்று நம்பினார். "கத்தின புண்ணியவான் விருந்துல என் பக்கத்து நாற்காலியில உக்காரணும்" என்று காப்பிக்கடையில் சொல்லி வைத்தார். அதுதான் வினையாகிவிட்டது.

"என்ன சொல்லிக் கத்துனாங்கன்னு கேட்டுப் பாருங்களேன்" என்று யோசனை சொன்னாள் சுல்மீரா.

கேட்டார். தபால்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லாரும் பிசகாமல் ஒப்பித்தார்கள். அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததே அவர்தானே!

மத்தியானத்துக்குள் வரிசையில் பாதிரியார் அமாதேயுவும் வந்து நின்றார்.

"சாமி, நீங்களுமா?"

"அப்ப நான் சாமியார் ஆகலையேப்பா!"

"சரி, குரலை வச்சுக் கண்டுபிடிச்சிடுறேன்" என்றார் அதெரிட்டோ. "எல்லாரும் மைதானத்துக்கு வாங்க."

அவர் நடுவில் போய் முதுகைக் காட்டி நின்றார். பார்வையாளர் மேடையிலிருந்து ஒவ்வொருவராகக் கத்தினார்கள். ஃபவுஸ்தினோவின் குரல் கீச்சென்று இருந்தது. தபால்காரருக்கு நடுவில் இருமல் வந்தது. பாதிரியார் ஜெபம் சொல்கிற ராகத்தில் இழுத்தார். போட்டி சூடு பிடித்ததும் வரிசை குலைந்து, எல்லாரும் சேர்ந்தே "கழுதை! கழுதை!" என்று முழங்க ஆரம்பித்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் விருந்துக்கு வந்த பழைய அணித்தோழர்களின் பேருந்து வாசலில் நின்றது.

"பாராட்டுன்னு கூப்பிட்டு இப்படியாடா மரியாதை பண்றீங்க?" சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் இறங்கியவர் கோல்காப்பாளர் தொர்க்காத்தோ. அவர் பின்னால் தொந்தியும் தொப்பையுமாக ஒரு பழைய அணியே மேடையேறியது. பாதிரியாரின் கண்ணாடி பறந்தது.

"நிறுத்துங்கடா! நான்தான்டா திட்டச் சொன்னேன்!" என்று அதெரிட்டோ ஓடினார்.

"பாவம், மனசு உடைஞ்சு போயிட்டான்" என்று தொர்க்காத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொருவர் சட்டையைப் பிடித்தார்.

சமாதானமாக்கி எல்லாரையும் விருந்துக் கூடத்தில் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் ஆவி பறந்தும் அவருக்கு இறங்கவில்லை. நன்றி சொல்ல ஆள் இல்லாமலே போய்விடுமோ?

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. கரகரத்த குரல்.

"அந்த ரொட்டிக் கூடையைக் கொண்டுபோய்ப் பின்னாடி வைங்கய்யா!"

அதெரிட்டோவுக்கு அதே குரல் என்று பட்டது. முள்கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். மலைமேல் கிராமத்திலிருந்து விருந்துக்கு ரொட்டி கொண்டுவந்த எர்மெலிந்தா கையில் மாவோடு நின்றிருந்தாள். அது ஆணின் குரல் என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்!

"அம்மா, ரொம்ப வருஷத்துக்கு முந்தி, ஒரு மழை நாள்ல இங்க ஆட்டம் பாக்க வந்தீங்களா?"

"ஆட்டம் யாரு பாத்தா? ரொட்டி விக்க வந்தேன். ஒரே ஒரு தடவைதான்."

"கழுதையைப் பின்னாடி நிறுத்தச் சொல்லிக் கத்துனீங்களா?"

"ஆமா, கத்துனேன். அதுக்கென்ன இப்போ?"

கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. அதெரிட்டோ அந்த மாவுக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் இன்னைக்கு இப்படி நிக்கிறேன்னா அது நீங்க போட்ட சத்தம்மா. என் வாழ்க்கையே நீங்க குடுத்தது. இந்த ஊர்ல என்னைச் சரியாப் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

பாதிரியாரே கண்ணைத் துடைத்தார். எர்மெலிந்தா மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னை யாரு தம்பி பாத்தா? எங்க கழுதை கயித்தை அவுத்துக்கிட்டு வந்து கோல் வலையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு, அதைப் பின்னாடி ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லி எங்க வீட்டுக்காரரைப் பாத்துக் கத்துனேன்!"