எண்பது வருஷத்துக்கு ஒரு நாள் முன்னால்

ஈஸ்ட்போர்ன்,
மார்ச் 24, திங்கள் காலை.

அன்புத் தங்கை பெரிலுக்கு,

அண்ணன் ரோலண்ட் எழுதுவது. நான் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்காகப் பின்னறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டதாக எழுதியிருந்தாய், ரொம்ப நன்றி. ஆனால் இந்த ஃபிளாட்டை விற்காமல் நான் லட்லோவுக்கு, உன் வீட்டுக்கு, வர முடியாது, குத்தகையை நீட்டாமல் விற்க முடியாது, இன்று மாலை ஐந்து மணிக்குள் நிலச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போய்ச் சேராவிட்டால் நீட்டுவதற்கு என் சேமிப்பு போதாது. மணி இப்போது ஒன்பதரை. காலையிலிருந்து மூன்று தடவை டீ போட்டு மூன்றையும் குடிக்காமல் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். வீடு என்னுடையது என்றாலும் அது நிற்கும் மண் குத்தகைதானே; அந்தக் குத்தகையில் மீதி எண்பது வருஷத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும், நீட்டிப்பதால் வீட்டுக்கு ஏறும் மதிப்பில் பாதி நிலச் சொந்தக்காரருக்குப் போய்விடும். நானும் உன் அண்ணி ஜாய்ஸும் இங்கே குடி வந்தது 1980 ஜூனில். அவள் ஜன்னலுக்குத் திரை மாட்டிய நாள்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் ஜூன் வரை நேரமிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். போன புதன்கிழமை வக்கீல் மிஸ் தாக்ரே பத்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நூற்றிருபத்தைந்து வருஷமும் அந்த வருஷம் மார்ச் இருபத்தைந்திலிருந்து கணக்கு, திரை மாட்டியது செல்லாது என்றாள். முப்பத்துநாலு வருஷம் ரயிலில் மற்றவர்களின் காலாவதியான டிக்கெட்டைப் பிடித்தவன் நான். எனக்கு இது தேவைதான்.

இதற்கும் மேல் ஒரு தப்பு செய்திருந்தேன். நாற்பத்தைந்து வருஷமாக ஒருவருடைய மண்ணில் குடியிருந்துவிட்டு, திடீரென்று சட்ட நோட்டீஸ் அனுப்புவது நன்றாக இருக்குமா? அதனால் நிலச் சொந்தக்காரர் மிஸ்டர் குரோச்சுக்கு ஜனவரியிலேயே ஒரு கடிதம் போட்டேன், தங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால், தங்கள் வசதிப்படி, என்று. அவரும் தங்கமான மனுஷர்போலப் பதில் போட்டார்: அவசரமே இல்லை, என் ஆள் ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன், மற்றதை ஈஸ்டர் கழித்துப் பேசுவோம். அந்தக் கடிதத்தை மிஸ் தாக்ரேயிடம் பெருமையாகக் காட்டினேன்.

"யாரு உங்களை அவருக்கு எழுதச் சொன்னது?" என்று கேட்டாள்.

"சொல்லாம கொள்ளாம நோட்டீஸ் அனுப்புறது மரியாதையில்லையேம்மா."

"அந்த மரியாதையை நம்பித்தான், கெடு தாண்டட்டும்னு அவரு ஈஸ்டர் வரைக்கும் உங்களை உக்கார வச்சிருக்காரு. இனி அவருக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பாதீங்க!"

நோட்டீசில் நாம் தரத் தயாரான விலையை எழுத வேண்டுமாம், அதைச் சொல்ல நம் தரப்பு மதிப்பீட்டாளர் வர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அவர் வந்தார். குரோச்சின் ஆளும் அதே வெள்ளிக்கிழமைதான் வந்தார். காலை பத்து மணிக்கு முதலாமவர் வந்து கைகுலுக்கிப் பெயர் சொன்னார், அது காதில் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை கேட்கலாம்தான், ஆனால் வந்தவரிடம் நீங்கள் யார் என்று இரண்டாம் தடவை எப்படிக் கேட்பது, நீயே சொல். நல்ல சூட் போட்டிருந்தார், நம் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். எலுமிச்சை கேக் வெட்டி வைத்தேன், ஜன்னலைத் திறந்து கடலைக் காட்டினேன், புதுக் குழாயைத் திறந்து காட்டினேன், பக்கத்து ஃபிளாட் என்ன விலைக்குப் போனது என்றுகூடச் சொன்னேன். "ரொம்ப உதவி பண்ணீங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரில், இத்தனை வயதில் எனக்கு அப்படி யாரும் நன்றி சொன்னதில்லை, அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டாமா?

பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொருவர், நனைந்த மழைக்கோட்டோடு. இவர்தான் எதிரி என்று முடிவு செய்து, டீ கேட்கவில்லை, கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை, கூரையில் ஈரம் பூத்த இடத்துக்கு நேராகக் கூட்டிப் போனேன். குளியலறைப் பூஞ்சையைக் காட்டினேன். கதவு சத்தம், கடற்காகம், லிஃப்ட், எல்லாவற்றையும் திட்டினேன். ஜன்னல் பக்கம் போனவரை, "அங்க ஒண்ணுமில்ல, வெறும் தண்ணிதான்" என்று தடுத்துவிட்டேன். போகும்போது வாசலில் நின்று, "சார், நான் உங்க ஆளு. என்கிட்ட ஏன் இவ்வளவு கோவம்?" என்றார். டீயாவது குடியுங்கள் என்று நான் சொல்வதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். அவருடைய விலை இன்னும் வரவில்லை. அது வந்து, நான் கையெழுத்துப் போட்டு, மிஸ் தாக்ரே அதைக் குரோச்சின் கையில் சேர்க்க வேண்டும். தவறினால் இந்த நாலு சுவருக்குள்ளேயே நான் கிடக்க வேண்டியதுதான், உன் மஞ்சள் அறை வீணாகிவிடும். பயமாக இருக்கிறது பெரில்.

உனக்கும் உன் கோழிகளுக்கும் ஆண்டவன் துணையிருக்கட்டும். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

கலங்கிப்போன அண்ணன்,
ரோலண்ட் டாப்செல்

பின்குறிப்பு: மாலை ஆறு மணி. காலையில் இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன். பதினொன்றுக்கு விலை வந்தது. நான் காட்டிய பூஞ்சையைப் பார்த்து நம் ஆள் பயந்துபோயிருக்க வேண்டும், நான் தர வேண்டியதைப் படுமலிவாக எழுதியிருந்தார். நோட்டீஸ் மூன்று மணிக்கே சேர்ந்துவிட்டது, ரசீது மிஸ் தாக்ரே கையில். இனி என்ன பேரம் நடந்தாலும் எண்பதோடு இன்னொரு தொண்ணூறு சேருமாம். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன், கொஞ்சம் அழுதேன். இத்தனை நாள் நான் பயந்தது இந்த வீடு கையைவிட்டுப் போய்விடுமே என்றுதான். மேலே உனக்கு மாற்றி எழுதியிருக்கிறேன், எனக்கே இன்றுதான் தெரிந்தது. கோவித்துக்கொள்ளாதே, பின்னறையை வாடகைக்கு விட்டுவிடு. நாலரைக்கு, நான் வரச் சொல்லியிருந்த வீட்டு விற்பனைக்காரம்மா அளவு நாடாவோடு வந்து, "எப்ப சார் காலி பண்றீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் நூத்தெழுபது வருஷம் இருக்கேம்மா," என்றேன். "அப்புறமா வாங்க."