ஒரே ஒரு புது வரி

"அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குப் பண்ற பணிவிடையில பாதி எனக்குப் பண்ணக் கூடாதாடி?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். மகள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது ஒரு சலவை ஆலையில். வெளுத்த துணி மூட்டைகளில் ஒட்டும் முகவரிச் சீட்டை அச்சடிப்பது அதன் வேலை. அதற்குப் புரோகிராம் எழுதுவது இவள் வேலை. அதற்குப் புரிந்த மொழியோ அரதப் பழசு. ஊரெல்லாம் ஒரு வரியில் முடிக்கிற காரியத்தை இவள் பக்கம் பக்கமாக எழுதி மாய வேண்டும்.

"என்னைப் புதுப் பிரிவுக்கு மாத்துங்க சார்" என்று தன் கம்பெனி மேனேஜரிடம் கெஞ்சாத மாதமில்லை.

"அந்த ஆலைக்காரங்க புது கம்ப்யூட்டர் வாங்கட்டும், மறுநாளே மாத்திடறேன். அதுவரைக்கும் அந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழ உன்னை விட்டா யாரு இருக்கா?"

அன்று காலை, பொறுத்தது போதும் என்று ஒரே ஒரு வரியைப் புதுப் பாணியில் எழுதி அனுப்பிவிட்டாள்.

சலவை ஆலை முதலாளி போன் செய்தார். "அம்மா, சீட்டெல்லாம் மாறி வருது. ஆஸ்பத்திரி கவுன் மொத்தமும் ஓட்டலுக்குப் போயிடுச்சு. கல்யாணத்துக்கு வந்தவங்க கவுனோட வராந்தாவுல நிக்கிறாங்களாம்."

ஆசையாக எழுதிய வரி. அழிக்க மனம் வரவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு வரியை எழுதி முட்டுக் கொடுத்தாள்.

"இப்ப சரியா சார்?"

"இப்ப போலீஸ் யூனிஃபார்ம் ஸ்கூலுக்குப் போயிடுச்சும்மா. டிரில் மாஸ்டர் ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிட்டாராம். கழட்ட மாட்டேங்கறாராம்."

பின்னால் இன்னொரு முட்டு. இம்முறை எல்லாச் சீட்டிலும் ஆலையின் முகவரியே வந்தது. வேன் கிளம்பி, தெருவை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட வாசலிலேயே மூட்டைகளை இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டது.

"பரவாயில்லம்மா, மெதுவா பாரு. மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்றார் முதலாளி.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். விழுந்தடித்துக்கொண்டு ஆலைக்கு ஓடினாள். முதலாளி கவுன்களை மீட்க ஓட்டலுக்குப் போயிருந்தார். ஆவியும் சோப்பு நெடியுமாக இருந்த அறையில் உட்கார்ந்து, ரோஷத்தை விழுங்கிக்கொண்டு புது வரியை அழித்தாள். பழையபடி வளவளவென்று எழுதினாள். சீட்டுகள் சமர்த்தாக வந்து விழுந்தன.

அப்பாடா என்று எழுந்து சோம்பல் முறித்து, சுவரோரம் கிடந்த அட்டைப்பெட்டியில் சாய்ந்தாள்.

"ஐயோ, அது மேல சாயாதீங்க அக்கா!" என்று வெளியிலிருந்து ஓடி வந்தார் வேன் டிரைவர். "உள்ள புது கம்ப்யூட்டர் இருக்கு."

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "புதுசா? எப்ப வாங்கினது?"

"அது ஆச்சு, வருஷக்கணக்கா."

"அப்புறம் ஏன் பிரிக்கவே இல்ல?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஓடுற பழசுக்குப் புரோகிராம் எழுத ஒரு பொண்ணு இருக்காம். பாவம், பழைய மொழியைத் தவிர அதுக்கு ஒண்ணுமே தெரியாதாம். புதுசை மாட்டினா அது பொழைப்பு போயிடுமேன்னு முதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க பாட்டுக்கு அதுகிட்ட சொல்லிடாதீங்கக்கா, மனசொடிஞ்சு போயிடும்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.