மூக்குக்குள் போன கண்

தாய்மாமன் ஆவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. கூடப் பிறந்தவள் ஒரு பிள்ளை பெற்றால் போதும், பதவி தானாக வந்து தலையில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் ஒரு பரீட்சை வைத்திருந்தால் முதல் கேள்வியிலேயே என்னை எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் என் அக்கா புகுந்த வீட்டில் அந்தக் காதுகுத்தும் ஒழுங்காக நடந்திருக்கும்.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். ஃபியூஸ் கேரியரையும் பீங்கான் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. (யாராவது கேட்டால் "செராமிக் லைன்ல இருக்கேன்" என்பேன்.) அப்பா இல்லாத வீடு. அக்கா அமுதாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர் எதுவானாலும் நான்தான் கொண்டுபோய் நிற்க வேண்டும். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்பேன். அவர் என்னை 'வெளாட்டுப் புள்ள' என்பார். என்னால் வருகிற குறைக்கெல்லாம் பேச்சு வாங்குவது அக்கா.

அக்கா மகள் யாழினிக்கு மூன்று வயதில் மொட்டையும் காதுகுத்தும் என்று நாள் குறித்ததும் அக்கா போன் செய்தாள்.

"டேய், தோடு, துணி, பழத்தட்டு. இவ்ளோ போதும். நீயா எதுவும் புதுசா பண்ணாத. ஏடாகூடமாச்சுன்னா அத்தை வாயில நான்தான் வுழணும். வருசம் பூரா சொல்லிக் காட்டுவாங்க."

எல்லாம் காதில் ஏறியது, 'புதுசா பண்ணாத' என்பதைத் தவிர.

காரணம், அந்த வாரம்தான் பிரவுசிங் சென்டரில் ஒரு படம் பார்த்திருந்தேன். வெளிநாட்டில் ஒருவர், குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு தன் மனைவியின் முகத்தையே செய்து சுவரில் மாட்டியிருந்தார். பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். யாழினியின் போட்டோவை இப்படிச் செய்து சீர்த்தட்டுகளுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அத்தை வாயடைத்து நிற்க வேண்டும்.

ஸ்டூடியோ வைத்திருந்த நண்பன் குமார், போட்டோவைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தான். ஊரில் கிடைத்த கட்டைகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை மட்டும்தான் உண்டு. மனிதத் தோலின் நிறம் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆகவே முகம் மஞ்சள், கன்னம் சிவப்பு, தலைமுடி நீலம், மூக்கின் நிழல் பச்சை என்று அடுக்கினேன்.

குமார் வந்து பார்த்துவிட்டு, "தூர நின்னா புள்ள மாதிரிதான்டா இருக்குது. கிட்ட வந்தா பூசணிக்கா" என்றான்.

"கலைன்னா அப்படித்தான்" என்றேன். (இதைச் சொன்னவன் ஓவியப் பாடத்தில் வாழைப்பழம் வரையச் சொன்னபோது வாத்தியாரால் "இது என்ன, படகா?" என்று கேட்கப்பட்டவன்.)

கருவிழி மட்டும் கருப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கருப்புக் கட்டை கிடைக்கவில்லை. கம்பெனியில் கொஞ்சம் களிமண் எடுத்தேன். பிளாஸ்டிக் கட்டையை அளந்து அச்சு அசல் அதே அளவில் இரண்டு துண்டு வெட்டி, கருப்புப் பூச்சுக் கொடுத்து, சூளைக்குள் போகிற தட்டில் ஓரமாக வைத்துவிட்டேன்.

களிமண் காய்ந்தால் சுருங்கும், வெந்தால் இன்னும் சுருங்கும். செராமிக் கம்பெனி வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. அதே கூரையின் கீழ் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் வெந்து முடிந்து வெளியே வந்த சரக்கைத்தானே! என் கண்கள் இரண்டும் பட்டாணி போலச் சிறுத்து, பளபளவென்று வந்தன. குழியில் வைத்தால் ஆடின. கோந்தை நிறைய ஊற்றி உட்காரவைத்தேன்.

காதுகுத்து அன்று அம்மாவின் பழைய புடவையில் படத்தைச் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, ஜன்னலா?"

"போட்டோங்க."

"இம்மாம் பெருசா? எப்ப தவறுனாங்க?"

"ஐயோ, புள்ளைக்கு இன்னைக்குத்தாங்க காதுகுத்து!" என்று அம்மா பஸ்ஸிலேயே நெட்டி முறித்து திருஷ்டி கழித்தாள். நான் அதை அபசகுனமாக எடுத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கியிருக்கலாம்.

பந்தலில் மேளம் முழங்க, புடவையை விலக்கிப் படத்தை நிமிர்த்தினேன். மேளம் தானாக நின்றது. அத்தை முகத்தை அருகில் கொண்டுவந்து பார்த்தார்.

"எந்த ஊரு சாமி தம்பி இது?"

"நம்ம யாழினிங்க அத்தை."

"ஏன் மூக்கு பச்சையா இருக்குது?"

"அது நிழலுங்க. கொஞ்சம் பின்னால போயி, கண்ணச் சுருக்கிப் பாருங்க."

அத்தை பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் போனார்கள். ஒருவர் மோர் அண்டாவில் இடித்துக்கொண்டார். நான் "இன்னும், இன்னும்" என்றேன். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பட்டு கட்டிக்கொண்டு நடுத்தெருவில் கண்ணைச் சுருக்கி நிற்க, வழி கிடைக்காத டவுன் பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. அப்போது அக்காவின் கணவர், "அட ஆமா! புள்ள முகம் தெரியுது!" என்று கத்தினார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. அது ஒரு பத்து நிமிடம் நீடித்தது.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய யாழினியை என் மடியில் உட்காரவைத்தார்கள். அழாமல் இருக்கட்டும் என்று படத்தைப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன். அவளும் அமைதியாக அதை நோண்டிக்கொண்டிருந்தாள். "மாமன் மடின்னா சும்மாவா? பாரு, எவ்ளோ அடக்கமா ஒக்காந்துருக்குது" என்று அத்தையே சொன்னார். ஆசாரி வலது காதில் குத்தினார். குழந்தை வீறிட மூச்சை இழுத்தாள். சத்தம் பாதியில் நின்று, மூக்கிலிருந்து விசில் வந்தது.

அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"டேய், படத்துல ஒத்தக் கண்ணக் காணோம்டா!"

பிளாஸ்டிக் கட்டையாக இருந்தால் அந்த மூக்கில் நுழைந்திருக்காது. அளவாகச் சுருக்கி, வழுக்கும்படி பளபளப்பாக்கி, எளிதில் கழன்று வரும்படி பொருத்திக் கொடுத்தவன் நான்.

"காது குத்தக் கூப்புட்டா மூக்க அடைச்சுட்டானே பாவி!" என்று அத்தை போட்ட சத்தம் பின்னாலேயே வர, அக்கா கணவரின் வண்டியில் நானும் அக்காவும் குழந்தையுமாக ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். குழந்தையின் கை மூக்குப் பக்கம் போகாமல் அக்கா பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கேட்டார். "மூக்குல என்னா போட்டுக்கிட்டா?"

"கண்ணுங்க."

"யாரு கண்ணு?"

"இவ கண்ணுதாங்க."

டாக்டர் குழந்தையின் இரண்டு கண்களையும் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பீங்கான் கண்ணுங்க டாக்டர்" என்று விளக்கினேன்.

"இந்த வயசுல பீங்கான் கண்ணு யாருய்யா வச்சது?"

"நான்தாங்க."

அதுவரை உறைந்திருந்த அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வளைந்த கம்பி ஒன்றால் நொடியில் கண்ணை எடுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது படம் இருந்த இடத்தில் வெறும் பலகை கிடந்தது. உறவுக்காரப் பிள்ளைகள் யாழினியின் நெற்றியில் ஒரு பஸ்ஸும், நீலத் தலைமுடியில் ஒரு டிராக்டரும் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு காது பாக்கி. குழந்தையோ என்னைக் கண்டாலே அலறினாள். கடைசியில் அத்தை "ஆயாகிட்ட வா" என்று தன் மடியில் அவளை வைத்துக்கொண்டார். மாமன் மடி என்கிற முறை விட்டுப்போகக் கூடாதல்லவா? அதற்காக அவளுடைய ஒரு காலை மட்டும் எடுத்து என் மடியில் வைத்தார்கள். அந்தக் காலும் என்னை உதைத்தது. ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது.

அத்தை அந்தக் கதையைக் கம்மாபுரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். வெட்கத்தில் பல மாதம் அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஒருநாள் அக்கா போனில் சொன்னாள்: "டேய், ஒனக்குப் புண்ணியமாப் போவும். இப்பல்லாம் கொழம்புல உப்பு கொறஞ்சாக்கூட அத்தை என்னைய ஒண்ணும் சொல்றதில்ல. வூட்டுக்கு வர்றவங்ககிட்ட ஒன் கதைய சொல்லவே அவங்களுக்கு நேரம் சரியா இருக்குது." அக்காவுக்கு நான் செய்த சீர்களிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

யாழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் கூப்பிட்டாள்.

"மாமா, மூக்கு குத்திக்கலாம்னு இருக்கேன்."

எனக்கு நெஞ்சு விம்மியது. என்ன இருந்தாலும் தாய்மாமன். "எப்ப கண்ணு? நான் என்னிக்கு வரணும்?"

"அதுக்குத்தான் மாமா போன் பண்ணேன். குத்தி முடிச்சு, புண்ணு ஆறுற வரைக்கும் நீங்க ஸ்ரீமுஷ்ணம் பக்கமே வரக் கூடாதாம். ஆயா கண்டிசனா சொல்லச் சொன்னாங்க."