சாணியக் காச்சுன கை

பொழைக்க வந்த ஊர்ல, கராடிங்கிற ஏரியாவுல இருந்த ஜூஸ் கடைய மகன் வஹாப் கையில குடுத்துட்டு வந்ததுல இருந்து எங்க வீட்டுக்காரவுக மொகத்துல சிரிப்பே இல்ல. பீர் முகமதுன்னா கடைவீதியே கலகலங்கும், அப்பேர்ப்பட்ட மனுசன். ஒருநா லிஃப்ட்ல பக்கத்து ஃப்ளாட் அனிருத் சார் என்னமோ சொல்லிருக்காரு. காலேஜ்ல வாத்தியாரு அவரு. உள்ள வந்ததும் இவுக முடிவச் சொன்னாக: பழத்தோல்ல இருந்து ஹைட்ரஜன் எடுக்கப் போறாகளாம்.

இப்படித்தான் முன்னாடி சூரிய அடுப்புன்னு மொட்டமாடியில சோறு வச்சாக. வெந்துச்சா வேகலையான்னு புறாவத்தான் கேக்கணும். அது கெடக்கட்டும்.

மொசம்பித் தோலு, கரும்புச் சக்கை மூட்டையா வந்துச்சு. கோர்படியில ஒரு எருமைத் தொழுவத்துல இருந்து பக்கெட் நெறைய சாணிக் கரைசல். அதுல உள்ள கிருமிக கூட்டாச் சேந்து தோலத் தின்னு ஹைட்ரஜன் விடுமாம். எல்லாம் என் அடுப்படி பால்கனியில, ஒரு டிரம்முக்குள்ள. விமான் நகர்ல எறங்க வேண்டிய பிளேன் அப்படியே திரும்பிப் போயிரும், அப்பேர்ப்பட்ட நாத்தம்.

மொதத் தடவ ஹைட்ரஜன் வரல. இன்னொரு தடவ பாக்குறேன், அதுலயும் வரலன்னா டிரம்மத் தூக்கிப் போட்டுர்றேன்னாக. எனக்கு அது போதும். அவுக ஜும்மாவுக்குப் போன நேரம், புதுச் சாணிக் கரைசலப் பழைய டேக்சாவுல ஊத்தி, பால்கனி ஸ்டவ்ல தளதளன்னு கொதிக்க விட்டேன். எந்தக் கிருமி பொழைக்கும்? ஆறுனதும் பக்கெட்லயே ஊத்தி வச்சிட்டேன். வந்து தோலோட சேத்து டிரம்முல ஊத்துனாக.

நுரைச்சுச்சு பாருங்க. அனிருத் சார் வாயுவப் புடிச்சுக் காலேஜுக்குக் கொண்டுபோயி, பேடா டப்பாவோட ஓடியாந்தாரு. ஹைட்ரஜனேதானாம். சாணியில ஹைட்ரஜன் விடுற கிருமியும் இருக்கு, அதத் தின்னுப்புடுற கிருமியும் இருக்காம். கொதிச்சா தின்னிப் பயலுக செத்துருவானுக, விடுறதுக ஓட்டுக்குள்ள ஒளிஞ்சு பொழைச்சுக்குமாம். சாணியக் கொதிக்க வச்சீங்களான்னு இந்தியில கேட்டாரு.

இவுக என்னயப் பாத்தாக. நான் ஃபேனப் பாத்தேன்.

"பின்ன? நானேதான் கொதிக்க வச்சேன்"னாக.

நானும் விடல. "ஆமா சார், அடி புடிக்காம நின்னு கிண்டுனாக."

சார் போனதும் கிட்ட வந்தாக. "ஏ புள்ள ஹாஜிரா, எப்பக் காச்சுன?"

"நீங்கதான காச்சுனீக? பில்டிங் பூராச் சொல்லிட்டு வாராரு. சாணியவே அடி புடிக்காமக் காச்சுனவுக, நோன்புக் கஞ்சி காச்ச மாட்டீகளா? நாளைக்கு மொத நோன்பு."

வாயில போட்ட பேடாவ முழுங்கிட்டு, கஞ்சிக்கு எம்புட்டு அரிசின்னு கேட்டாக.

அல்ஹம்துலில்லாஹ். இத்தன வருசத்துல இந்த நோன்புக்குத்தான் என் இடுப்பு நிமுந்துச்சு. அவுக மொகத்துலயும் பழைய சிரிப்பு வந்துருச்சு. பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் கிண்டுறாக. கஞ்சியும் நல்லாவே இருக்கு. தூக்குவாளியில வாங்கிட்டுப் போறவுகள்லாம், ஹாஜிரா கைப்பக்குவமே தனிங்கிறாக.

ஆமான்னுட்டேன்.