ஐந்து வார்த்தையும் அக்கா பேரும்

அரைகுறைப் படிப்புக்காரன் வெள்ளைக் கோட்டுப் போட்டால் ஊருக்கு ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

தேயிலை விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. மஞ்சூர்ப் பக்கம் எங்கள் மாமா (அக்கா கமலாவின் வீட்டுக்காரர், பெயர் சுப்பிரமணி) வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. மீதி நாளெல்லாம் ஆண்கள் ஃபுட்பால் ஆடினார்கள். மாமாதான் கோல்கீப்பர். நான் ஒரு விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு (ஒரு பேப்பர் பாக்கி) அக்கா வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். பந்து ஆடும்போது தலையில் அடிபடுகிறவர்களைப் பற்றியது. மைதானத்தில் நின்று கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன், ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள்.

வேலை சுலபம். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் ஐந்து வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, எத்தனை சரி என்று படிவத்தில் குறிக்க வேண்டும். ஆட்டத்தில் யாருக்காவது தலையில் பட்டால் ஓடிப்போய் வேறு ஐந்து வார்த்தை கேட்க வேண்டும். இதற்காக டாக்டரம்மா நான்கு பட்டியல் கொடுத்தார். மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னார். "மார்க்க மட்டும் பாக்காதீங்க தம்பி, ஆளப் பாருங்க. சந்தேகமா இருந்தா வெளிய உக்கார வச்சிருங்க" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் மட்டும் எனக்குப் பாக்கி கிடையாது.)

ஆனால் எங்கள் ஊர்க் குளிரில் காகிதத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுக்க வேண்டும். எனக்கு மனப்பாடமானது முதல் பட்டியல் மட்டும்தான். குடை, சாவி, மாங்காய், ஏணி, படகு. எட்டு வாரமும் அதையே கேட்டேன். படிவத்தை ஆட்டம் முடிந்தபின் டீக்கடையில் சூடாக உட்கார்ந்து நிரப்பினேன்.

முதல் வாரம் பாதிப் பேருக்கு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை. நான்காவது வாரம் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. எஸ்டேட்காரர்களின் மூளையே தனி என்று நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். நடந்தது வேறு. தப்பாகச் சொன்னால் கமலா தம்பிக்கு வேலை போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வேலை போவது என்றால் என்ன என்று அந்த வருஷம் அங்கே எல்லோருக்கும் தெரியும். பாவம், படித்த பையன் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் உட்கார்ந்து ஒப்பித்துப் பழகியிருக்கிறார்கள். வாத்தியார் எங்கள் மாமா.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊரான எமரால்டு டீமோடு. கோயமுத்தூர் மில் ஒன்றின் டீமுக்குக் கோல்கீப்பர் வேண்டுமென்று ஒருவர் பார்க்க வந்திருந்தார். தேறினால் மில்லில் நிரந்தர வேலை. அக்கா பாதிப் பெட்டியை அடுக்கியே விட்டாள்.

இரண்டாம் பாதியில் மாமா பந்தைப் பிடிக்கப் பாய்ந்தார். எதிர் டீம் ஆளின் முழங்கால் அவர் தலையில் இடித்தது. விழுந்தவர் கொஞ்ச நேரம் எழவில்லை. நான் ஸ்வெட்டருக்கு மேல் பிதுங்கிய கோட்டோடு ஓடினேன். பிடித்து உட்காரவைத்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார். "குடை, சாவி, மாங்காய், ஏணி, படகு."

அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பல பேரிடம் பல வருஷம் சொல்லியிருக்கிறேன், அது பொய். மில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையும் பார்த்தேன். "அஞ்சுக்கு அஞ்சுங்க, ஆடலாம்" என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டேன்.

மாமா எழுந்து நேராக நடந்து, எதிர்ப்பக்கக் கோலுக்குப் போய், எமரால்டு கோல்கீப்பர் பக்கத்தில் நின்றுகொண்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. செருப்போடு மைதானத்துக்குள் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் என்னவோ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, இவருக்கு எம் பேரு தெரியலடா. நீ சொல்லிக்குடுத்ததத்தான் சொல்றாரு."

அதற்கப்புறம் அவர் வாந்தி எடுத்தார். எஸ்டேட் ஜீப்பில் குன்னூருக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு குடை, சாவி என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

உள்ளே ரத்தம் கசியவில்லை, நல்ல காலம். கோயமுத்தூர் போக ஆசைப்பட்டவர் போனார், ஸ்கேன் எடுக்க. மறுநாள் என்னையும் அக்காவையும் அடையாளம் தெரிந்தது. ஆனால் பல மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றுவிட்டார்கள். மில்காரர் எமரால்டு கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா மற்ற மூன்று பட்டியலையும் கேட்டார். கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், கொடுத்த மடிப்பு கலையாமல். ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் வைத்தார்.

"நீங்க பரிசோதனை பண்ணல தம்பி, பாடம் நடத்தியிருக்கீங்க. அங்க ஆளப் பாத்தது உங்க அக்கா ஒருத்திதான்."

எட்டு வாரப் படிவமும் குப்பைக்குப் போயிற்று. என் வேலையும் போயிற்று. ஊரே சேர்ந்து காப்பாற்றப் பார்த்த வேலை.

மாமா இப்போது காய்கறி லாரி ஓட்டுகிறார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, இலையில் சோறு விழுவதற்கு முன் அக்கா கேட்பாள், "ஏனுங்க, எம் பேரு என்னங்க?" குழந்தைகள் காத்திருப்பார்கள். மாமா முகத்தை வெறித்தாற்போல் வைத்துக்கொண்டு, குடை, சாவி, மாங்காய், ஏணி, படகு என்பார். வீடே சிரிக்கும். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன்.

அக்கா கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். அவர் "கமலா" என்று சொல்லும்வரை அவள் சோறு போடமாட்டாள்.