பத்தா, நூறா?

கோழிப் பண்ணைக்காரர் ஒருவரின் மின்கடிதம் செவ்வாய்க்கிழமை காலை, காற்புள்ளி என்று எல்லோரும் அழைக்கும் மனிதர் முதல் வாய் காபி குடிப்பதற்குள் வந்துவிட்டது.

"ஐயா, எங்கள் குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் உள்ள வெப்பமானிச் சில்லு (சிப்) விழித்ததும், வெப்பத்தைப் படிக்கும் முன் பத்து மில்லி விநாடி காத்திருக்க வேண்டும் என்று உங்கள் விளக்கப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் எழுதிய நிரலோ நூறு காத்திருக்கிறது. எது சரி? நாலாயிரம் முட்டை வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்."

காற்புள்ளி காபியைக் கீழே வைத்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஓர் இயங்குதளம். அதன் அடிமட்டத்தில் ஓடும் கர்னல் என்ற நிரலுக்கு வீட்டிலிருந்தபடியே விளக்கப் பக்கங்களைப் பராமரிப்பது அவர் வேலை. எவரோ எழுதி அனுப்பிய இருநூறு வரிகளை ஒரே ஒரு காற்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பியதிலிருந்து சக ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அவர் காற்புள்ளிதான். அவர் பக்கத்திலேயே பிழையா?

"என்ன மாப்பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு? கர்னல் திட்டிட்டாரா?" என்றார் மாமனார்.

"மாமா, கர்னல்ங்கறது ஆள் இல்லை. புரோகிராம்."

"சரி சரி. வெளியில சொல்லக்கூடாதுன்னு உத்தரவு போல." மாமனார் கண்ணடித்தார். மாப்பிள்ளை ராணுவத்தில் ரகசிய வேலை பார்ப்பதாக அவர் தெரு முழுக்கச் சொல்லி ஆறு வருடமாகிறது.

காற்புள்ளி யோசித்தார். நிரல் நூறு காத்திருக்கிறது, இத்தனை நாளாக ஒழுங்காகவும் ஓடுகிறது. அப்படியானால் பக்கம்தான் தவறு. பத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து அனுப்பினார். அரை நிமிட வேலை. காபி இன்னும் சூடாகவே இருந்தது.

பண்ணைக்காரர் அதே கடிதத்தை டிரைவர்காரருக்கும் அனுப்பியிருந்தது அவருக்குத் தெரியாது. டிரைவர் என்பது அந்தச் சில்லைக் கணினியோடு பேசவைக்கும் சின்ன நிரல்; அதை எழுதியவர் டிரைவர்காரர். கூச்ச சுபாவி. எழுத்தில் இருப்பது தப்பாக இருக்காது என்று நம்புகிறவர். பக்கத்தில் பத்து என்றிருக்கிறதே என்று அவர் அதே காலையில் நிரலில் இருந்த நூறைப் பத்தாக்கிவிட்டார்.

புதன்கிழமை அடுத்த கடிதம் வந்தது. பண்ணைக்காரர் நிரலின் அன்றன்றைய பதிப்பை அன்றன்றே ஏற்றிக்கொள்ளும் ரகம்.

"ஐயா, இப்போது பக்கத்தில் நூறு, நிரலில் பத்து. வெப்பம் மைனஸ் நாற்பது என்று காட்டுகிறது. முட்டையைத் தொட்டால் சூடாகத்தான் இருக்கிறது."

காற்புள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிரலையே மாற்றியிருக்கிறார்கள் என்றால் டிரைவர்காரருக்கு ஏதோ விஷயம் தெரிந்திருக்கிறது. அவசர அவசரமாகச் சேர்த்த பூஜ்யத்தை எடுத்தார். அதே நேரத்தில் டிரைவர்காரர், 'பக்கத்தையே நூறாக்கிவிட்டார்களே, அவசரப்பட்டுவிட்டோமே' என்று கூசிப்போய், நிரலைப் பழையபடி நூறாக்கினார்.

வியாழக்கிழமை: "ஐயா, செவ்வாய்க்கிழமைக்கே திரும்பி வந்துவிட்டோம். திங்கட்கிழமை குஞ்சு பொரிய வேண்டும். சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள்."

இதற்கு மேல் யாருடைய மனதையும் நோகடிக்கக் கூடாது என்று காற்புள்ளி தீர்மானித்தார். பக்கத்தைத் திறந்து, 'பத்துக்கும் நூறுக்கும் நடுவில் காத்திருக்கவும்' என்று எழுதினார். எழுதியது அவருக்கே பிடித்திருந்தது. மருந்துக்கடையிலிருந்து சாப்பிட வந்த மனைவியிடம் படித்துக் காட்டினார்.

"'பத்துக்கும் நூறுக்கும் நடுவில மாத்திரை போட்டுக்கோங்க'ன்னு நான் சீட்டுல எழுதிக் குடுத்தா என்னை என்ன செய்வாங்க தெரியுமா?" என்றாள் அவள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"இது மாத்திரை இல்லை."

"அந்த மனுஷனுக்கு நாலாயிரம் முட்டை இருக்கு. டிரைவரோட நேரா பேசிட வேண்டியதுதானே?"

மாமனார் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பார்த்தியா? கர்னல்னா டிரைவர் இல்லாமலா இருப்பார்!"

முன்பின் தெரியாத ஆளைப் போனில் கூப்பிடுவதாவது? காற்புள்ளி கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் 'பத்துக்கும் நூறுக்கும் நடுவில்' நிரல் எழுதுவோரின் பொது மின்னஞ்சல் குழுவில் பற்றிக்கொண்டது. 'நடுவில்' என்றால் பத்தும் நூறும் சேர்த்தியா இல்லையா என்று எண்பத்தேழு கடிதங்கள் வந்தன. முட்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. டிரைவர்காரர் எண்பத்தேழையும் வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, சரியாக நடுவில், ஐம்பத்தைந்து என்று நிரலில் போட்டார்.

சனிக்கிழமை காலை பண்ணைக்காரர் கடிதம் எழுதவில்லை. போனே செய்துவிட்டார்.

"சார், ஒரு தடவை முப்பத்தேழுங்குது, அடுத்த தடவை மைனஸ் நாப்பதுங்குது. நானும் என் சம்சாரமும் பழைய வெப்பமானியை வச்சுக்கிட்டு மிஷின் பக்கத்துலயே மாத்தி மாத்தி உட்கார்ந்திருக்கோம். அவ என்னோட பேசறதை நிறுத்திட்டா சார்."

காற்புள்ளியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. டிரைவர்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"ஐயோ, நீங்களா! மன்னிக்கணும் சார்," என்றார் டிரைவர்காரர் எடுத்த எடுப்பில்.

"நான்தான் மன்னிப்புக் கேக்கணும். நீங்க ஏன் சார் நூறைப் பத்தாக்கினீங்க?"

"உங்க பக்கத்துல பத்துன்னு இருந்துச்சே. நீங்க ஏன் பத்தை நூறாக்கினீங்க?"

"உங்க நிரல்ல நூறுன்னு இருந்துச்சே!"

டிரைவர்காரர் கூச்சத்தோடு சிரித்தார்.

"அந்தச் சில்லு உங்ககிட்ட இருக்கா சார்?" என்று கேட்டார் காற்புள்ளி.

"இல்லைங்க. உங்ககிட்ட?"

"நான் படத்துலகூடப் பார்த்ததில்லை."

நூறில் மைனஸ் நாற்பது வந்ததே இல்லை என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்தது. நூறு என்று முடிவானது. போனை வைக்காமலே ஒருவர் பக்கத்தையும் மற்றவர் நிரலையும் திருத்தினார்கள். ஒருவர் "போட்டாச்சு" என்ற பிறகுதான் அடுத்தவர் "போட்டாச்சு" என்றார். அன்று மாலையே பண்ணையில் முப்பத்தேழு நிலைத்து நின்றது. திங்கட்கிழமை மூவாயிரத்துச் சொச்சம் குஞ்சுகளின் படம் வந்தது. ஒரு மூலையில் பண்ணைக்காரரின் மனைவி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காற்புள்ளி கணினியை மூடப் போகும்போது கர்னல் முழுவதற்கும் பொறுப்பான தலைமைப் பராமரிப்பாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: "நூறு என்பதற்கு ஆதாரம்?"

நியாயமான கேள்வி. அவரே ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. சில்லைத் தயாரித்த கம்பெனிக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"விழிச்சதும் எவ்வளவு காத்திருக்கணும்னு கேக்கறீங்களா? ஒரு நிமிஷம்... நூறு மில்லி விநாடி சார்."

காற்புள்ளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டிவைத்து மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மாமனாரும் கூடவே வந்து விறைப்பாக நின்றார்.

"ரொம்ப நன்றிம்மா. உங்க கையேட்டுல அது எத்தனையாவது பக்கம்னு சொன்னா குறிச்சுக்குவேன்."

"கையேடா? அது ஆபீஸ் மாத்தறப்பவே தொலைஞ்சு போச்சு சார்," என்றாள் அந்தப் பெண். "இன்டர்நெட்ல கர்னல் பக்கம்னு ஒண்ணு இருக்கு, யார் கேட்டாலும் அதைப் பார்த்துத்தான் சொல்லுவோம். ஆனா அதை எழுதற ஆளுக்கு என்ன ஆச்சோ தெரியலை, போன வாரத்துல மட்டும் நாலு தடவை மாத்திட்டார்!"